இணைப்புப் பலகைக்குப் பின்னால் நின்றவர்கள்

பெண்கள் அலுவலக வேலைக்கு வந்த வரலாற்றை எழுத உட்காரும்போது நாம் முதலில் தேடுவது ‘முதல் பெண்’ணை. முதல் மருத்துவர், முதல் வழக்கறிஞர், முதல் தந்தி ஊழியர். அந்த முதல் பெண்ணைத் தொடர்ந்து நூறு பெண்கள் வந்தபோது, அந்த நூறு பேரிடம் வேலை வாங்கியவர் யார் என்று நாம் அவ்வளவாகக் கேட்பதில்லை. கேட்டால் வரும் விடை சங்கடமானது. மேற்பார்வையாளராக இருந்த பெண் நம் கதையில் எந்தப் பக்கம் நிற்கிறாள்? நிர்வாகத்தின் பக்கமா, உழைத்தவர்களின் பக்கமா? பெண்ணியத்தில் தியாகிகளுக்கு இடமுண்டு, போராளிகளுக்கும் உண்டு. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் பெண்ணுக்கு என்ன இடம் என்பதை நாம் இன்னும் தீர்மானிக்கவில்லை.

இந்தக் கேள்வியோடுதான் நான் தொலைபேசியின் வரலாற்றை வாசிக்கத் தொடங்கினேன். நவீன நிறுவனங்களில் பெண்கள் கூட்டம்கூட்டமாக நுழைந்த முதல் வேலைகளில் ஒன்று தொலைபேசி வேலை. பெண்களைப் பெண்களே மேற்பார்வை செய்யட்டும் என்று நிறுவனங்கள் ஆரம்பத்திலேயே முடிவெடுத்த வேலையும் அது. அந்த முடிவு எவ்வளவு தூரம் போனது, எங்கே நின்றது என்பதைத் தெளிவாகக் காட்டுவது முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் தொலைபேசிகளை இயக்கிய பெண்களின் கதை. ‘ஹலோ கேர்ள்ஸ்’ என்று அவர்களை அழைத்தார்கள். அந்தச் செல்லப்பெயருக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று பின்னால் பார்ப்போம்.

*

முதலில் கொஞ்சம் பின்கதை. தந்தி, தொலைபேசி இரண்டிலும் பெண்களை எடுத்தது யாருடைய தாராள மனதாலும் நடந்ததல்ல. பிரிட்டனில் தனியார் வசம் இருந்த தந்தி நிறுவனங்களை 1870இல் அரசு எடுத்துக்கொண்டு அஞ்சல் துறையோடு சேர்த்தது. தனியார் நிறுவனங்களில் ஏற்கனவே வேலைபார்த்து வந்த பெண்கள் ஒரே நாளில் அரசு ஊழியர்களானார்கள். அவர்களைத் தொடர்ந்து வைத்திருக்கலாமா என்ற கேள்விக்கு, தந்தியின் பொறுப்பை ஏற்றிருந்த ஃபிராங்க் ஸ்கடமோர் 1871இல் தந்த அறிக்கை பதில் சொல்கிறது. அதில் அவர் அடுக்கும் காரணங்களைப் படித்தால் எரிச்சலும் சிரிப்பும் ஒன்றாக வரும். பெண்களுக்குக் கண்ணும் காதும் கூர்மை, விரல் மென்மை. ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கப் பொறுமை உண்டு. ஆண்களுக்குக் கொடுக்கும் கூலியைக் கொடுத்தாலே அதைவிட மேலான குடும்பத்துப் பெண்கள் கிடைப்பார்கள். கூலி உயர்வு கேட்டுச் சங்கம் சேரும் நாட்டம் அவர்களுக்குக் குறைவு. கல்யாணமானதும் போய்விடுவார்கள், பணிமூப்பால் கூடும் சம்பளச் செலவு மிச்சம்.

கடைசிக் காரணத்தை நிர்வாகம் தற்செயலுக்கு விட்டுவைக்கவில்லை. 1876 முதல் பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் கல்யாணமான பெண் வேலையை விட்டே ஆகவேண்டும் என்பது விதி. பிரிட்டிஷ் உள்நாட்டு அரசுப் பணியில் இந்தத் தடை 1946இல்தான் நீங்கியது. இதன் விளைவு என்ன? பெண்கள் பிரிவின் மேற்பார்வையாளராக உயர்கிற அளவுக்குப் பணிமூப்பு பெற ஒரு பெண் கல்யாணம் செய்யாமல் இருந்தாக வேண்டும். அவரோடு வேலைக்குச் சேர்ந்த ஆணுக்கு மனைவி, பிள்ளை, பதவி மூன்றும் கிடைத்தன. அவர் ஒன்றுக்காக மற்றதை விடவேண்டியிருந்தது. விடாப்பிடியாக நின்றவர்களுக்குக் கிடைத்த பட்டம் ‘மேட்ரன்’. மருத்துவமனையிலும் விடுதியிலும் வழங்கிய சொல் அது. தந்தி அலுவலகத்தில் அதிகாரியாக இருந்த பெண்ணுக்கும் வார்டனின் பெயரையே சூட்டினார்கள்.

அமெரிக்காவில் தொலைபேசி தனியார் கையில் வளர்ந்தது. முதலில் பையன்களை வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் சந்தாதாரர்களைத் திட்டினார்கள், தங்களுக்குள் சண்டை போட்டார்கள். 1878 செப்டம்பரில் பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண்ணை நியமித்தார்கள். சில ஆண்டுகளிலேயே ‘ஆபரேட்டர்’ என்றால் பெண் என்றாகிவிட்டது.

அந்த வேலை எப்படி இருந்தது? இன்றைய மாணவிகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆபரேட்டர் முன்னால் ஆளுயரப் பலகை. அதில் நூற்றுக்கணக்கான துளைகள், ஒவ்வொன்றும் ஒருவருடைய இணைப்பு. யாராவது தொலைபேசியை எடுத்தால் அவர் துளைக்குப் பக்கத்தில் சின்ன விளக்கு எரியும். கம்பியின் ஒரு முனையை அதில் செருகி எண் கேட்கவேண்டும். மறுமுனையை அடுத்தவர் துளையில் செருகி மணி அடிக்கவேண்டும். பேசி முடித்ததும் பிடுங்கவேண்டும். இதை நாள் முழுக்க, ஒரே தொனியில், கோபம் வராமல் செய்யவேண்டும். இப்படி வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களின் முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் நடந்துகொண்டே இருப்பார். எந்த விளக்கு ரொம்ப நேரமாக எரிகிறது, யார் கை மந்தமாகிறது, யார் எழுந்து போகக் கேட்கிறார் என்று பார்ப்பார். அவர்தான் சூப்பர்வைசர். அவருக்கு மேல் தலைமை ஆபரேட்டர், அவரும் பெண். அவருக்கு மேலே போனால் ஆண்கள்தான்.

*

1917இல் அமெரிக்கா போருக்குள் நுழைந்தது. படைத்தளபதி ஜான் பெர்ஷிங் பிரான்ஸுக்குப் போனபோது அவருக்குக் கிடைத்த தொலைபேசி வசதி போதவில்லை. அமெரிக்க ராணுவம் சொந்தமாகக் கம்பி இழுத்தது, எக்ஸ்சேஞ்சுகளை நிறுவியது. ஆனால் இயக்க ஆளில்லை. சிப்பாய்களை உட்காரவைத்தால் இணைப்புத் தர ஒரு நிமிஷம் ஆனது. பழகிய பெண் பத்து விநாடியில் தருவார். பிரெஞ்சு நிலையங்களோடு பேச பிரெஞ்சும் தெரிந்திருக்க வேண்டும். நவம்பர் 1917இல் பெர்ஷிங் இரண்டு மொழியும் தெரிந்த பெண் ஆபரேட்டர்களை அனுப்பச் சொல்லிக் கேட்டார். முதல் நூறு இடங்களுக்கு 7,600க்கும் மேற்பட்ட பெண்கள் விண்ணப்பித்தார்கள். கடைசியில் கடல் கடந்து போனவர்கள் இருநூற்றுச் சொச்சம் பேர்.

ராணுவத்தின் சிக்னல் படைப்பிரிவு அவர்களை எடுத்தது. உறுதிமொழி வாங்கியது. சீருடை கட்டாயம், ஆனால் அதைச் சொந்தக் காசில் தைத்துக்கொள்ள வேண்டும். கையில் கட்டும் பட்டையில் பதவி தெரிந்தது. ஆபரேட்டர் என்றால் தொலைபேசியின் பேசுவாய் மட்டும். சூப்பர்வைசர் என்றால் அதைச் சுற்றி ஓர் இலைவளையம். தலைமை ஆபரேட்டர் என்றால் கூடவே மின்னல் கீற்று. ராணுவ ஒழுங்குவிதிகள் அவர்களுக்கும் பொருந்தும் என்றார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மின்னல் கீற்றைத் தந்தவர்கள்தான் பின்னால் இவர்கள் ராணுவத்திலேயே இல்லை என்றார்கள்.

முதல் அணியில் முப்பத்து மூன்று பெண்கள். அவர்களுக்குத் தலைமை கிரேஸ் பேங்கர். வயது இருபத்தைந்து. பார்னார்ட் கல்லூரிப் பட்டதாரி. ஏடி அண்ட் டி நிறுவனத்தில் ஆபரேட்டர்களுக்குப் பயிற்சி தந்தவர். 1918 மார்ச்சில் ‘செல்டிக்’ என்ற கப்பலில் புறப்பட்டார்கள். பிரான்ஸில் ஷோமோன் நகரில் இருந்த படைத் தலைமையகத்தின் எக்ஸ்சேஞ்ச் பேங்கரின் பொறுப்பில் வந்தது.

மேற்பார்வை என்றால் என்ன என்பதை அவருடைய அன்றாட வேலையில் பார்க்கலாம். யாரை இரவு முறையில் போடுவது, காய்ச்சலில் கிடப்பவளுக்குப் பதிலாக யாரை உட்காரவைப்பது என்பது ஒரு பக்கம். ரகசியம் கருதி ஊர்களுக்கும் படைப்பிரிவுகளுக்கும் புனைபெயர் வைத்து, அவற்றை அடிக்கடி மாற்றுவார்கள். அந்த மாற்றம் பலகையில் இருக்கும் ஒவ்வொருத்திக்கும் உடனே தெரியவேண்டும். பொறுமையில்லாத அதிகாரிக்கும், கம்பியின் அந்தப்பக்கம் இருக்கும் பிரெஞ்சு ஆபரேட்டருக்கும் நடுவில் உரசல் வராமல் பார்க்கவேண்டும். இவை எதுவும் போர்ச் சித்திரங்களில் வருவதில்லை. ஆனால் இவற்றில் ஒன்று தவறினால் பீரங்கிக்குப் போகவேண்டிய உத்தரவு வேறெங்கோ போகும்.

அவர்களையும் மேற்பார்வை செய்ய ஆளிருந்தது. தங்கும் விடுதிகளில் இளம்பெண் கிறித்துவச் சங்கத்தைச் சேர்ந்த பெண்கள் பொறுப்பாளர்களாக வைக்கப்பட்டார்கள். வசதிக்கும் காவலுக்கும் என்று இரண்டையும் சேர்த்தே சொன்னார்கள். ராணுவ ரகசியத்தை நம்பி ஒப்படைத்த பெண்ணை, அவளுடைய மாலைநேரத்தை அவளே பார்த்துக்கொள்ளும் அளவுக்கு நம்பவில்லை. நாட்குறிப்பு எழுதக் கூடாது என்பதும் விதி. பேங்கர் எழுதினார். அந்த மீறல் இல்லையென்றால் இன்று நமக்குப் பாதிக் கதை கிடைத்திருக்காது.

1918 ஆகஸ்ட் இறுதியில் பேங்கரும் அவர் தேர்ந்தெடுத்த ஐந்து பெண்களும் முன்னணிக்கு அருகில், முதலாம் படையின் தலைமையகம் இருந்த லின்யி-ஆன்-பாருவா ஊருக்குப் போனார்கள். செப்டம்பர் 12இல் தொடங்கிய சென் மியெல் தாக்குதலின்போது உத்தரவுகள் அவர்கள் விரல்வழி போயின. பிறகு வெர்டனுக்குப் பக்கத்தில் சூயி. செப்டம்பர் 26இல் தொடங்கி நவம்பர் 11 வரை நீண்ட மூஸ்-ஆர்கோன் போர் முழுக்க அங்கேதான். நாற்காலியின் முதுகில் இரும்புத் தொப்பியும் வாயு முகமூடியும் தொங்க, மரத்தடுப்புக் கொட்டகைக்குள் வேலை. அக்டோபர் 30 அன்று அந்தக் கொட்டகைகளில் தீப்பிடித்தது. பெண்கள் பலகையை விட்டு எழவில்லை. எழாவிட்டால் ஒழுங்கு நடவடிக்கை என்று மிரட்டியபிறகுதான் எழுந்தார்கள்; ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

இதைத் தியாகம் என்று கொண்டாடுவது சுலபம். எனக்கு அது தொழில் பெருமையாகத் தெரிகிறது. தன் கையில் இருக்கும் நூற்றுக்கணக்கான இணைப்புகள் அறுந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களின் பிடிவாதம் அது. அந்தத் தெரிதலைப் பெண்களிடம் உண்டாக்கியதில் தலைமை ஆபரேட்டருக்குப் பங்கிருக்கிறது. பயத்தால் மட்டும் வேலை வாங்கியிருந்தால் தீ வந்ததும் பலகை காலியாகியிருக்கும்.

*

இன்னொரு பெண்ணையும் சொல்லவேண்டும். மொன்டானாவிலிருந்து வந்த மெர்ல் ஈகன். தூர் நகரத்தில் அவருக்குக் கொடுத்த வேலைகளில் ஒன்று, சிப்பாய்களுக்கு இணைப்புப் பலகை பழக்குவது. முன்னணிக்கு மிக அருகில் ஆண்களைத்தானே அனுப்ப முடியும். அந்த ஆண்கள் முணுமுணுத்தார்கள். பெண்பிள்ளை வேலையைக் கொடுத்தால் பாவாடை எங்கே என்று கேலி செய்தார்கள். துப்பாக்கி தூக்க எந்தச் சிப்பாயாலும் முடியும், ஆனால் ஒரு பெரும்படையின் உயிர் இந்தப் பலகையை நம்பி இருக்கலாம் என்று ஈகன் அவர்களுக்குப் புரியவைத்தார்.

மேற்பார்வையின் படிநிலை தலைகீழான இடம் இது. பெண் கற்றுத்தருகிறாள், ஆண் கற்றுக்கொள்கிறான். அவனைக் கூச வைத்தது வேலையின் கடினம் இல்லை, அந்த வேலைக்கு ஒட்டியிருந்த பால் அடையாளம். ஒரு வேலை பெண்களிடம் போனதும் அதன் மதிப்பு குறைகிறது. அதையே ஆணிடம் திரும்பக் கொடுக்கும்போது அவன் தண்டனை பெற்றதாக நினைக்கிறான். ஈகன் போர் முடிந்தபின் வெர்சாய் சமாதான மாநாட்டில் அமெரிக்கக் குழுவின் தொலைபேசிப் பலகைக்குத் தலைமை ஆபரேட்டராக இருந்தார்.

கதையின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். பெண் மேற்பார்வையாளரைக் கொண்டாடிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. 1918 கோடையில் அமெரிக்க அரசு தொலைபேசி நிறுவனங்களைத் தற்காலிகமாகத் தன் பொறுப்பில் எடுத்து, அஞ்சல்துறைத் தலைவர் ஆல்பர்ட் பர்ல்சனிடம் ஒப்படைத்தது. போருக்குப் பின் விலைவாசி ஏறியது, கூலி ஏறவில்லை. கோரிக்கைகளுக்கு அவர் காதுகொடுக்கவில்லை. 1919 ஏப்ரலில் ஜூலியா ஓ’கானர் தலைமையில் நியூ இங்கிலாந்து பகுதியின் ஏறக்குறைய எட்டாயிரம் பெண் ஆபரேட்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆறே நாளில் கூலி உயர்வோடு திரும்பினார்கள். பெண்கள் சங்கம் சேரமாட்டார்கள் என்று 1871இல் போட்ட கணக்குக்கு அது ஒரு பதில்.

ஒரே ஆண்டில், ஒரே வேலையைச் செய்த பெண்கள்: ஒருபக்கம் படைக்குள் சீருடையில், மறுபக்கம் தெருவில் மறியலில். சங்கத்துப் பெண்கள் எதிர்த்து நின்ற நிர்வாகத்தின் கண்ணும் காதும் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நடந்த சூப்பர்வைசர்தான். ஆபரேட்டராக இருந்து உயர்ந்தவர். தன் பழைய வரிசையைக் கண்காணிக்கவே அவருக்குச் சம்பளம். இந்த முரண் அவருடைய குணக்கேடு இல்லை. அந்த நாற்காலியையே அப்படித்தான் செய்துவைத்திருந்தார்கள். பெண்களை அடக்க ஆணை வைத்தால் பெயர் கெடும், பெண்ணை வைத்தால் குடும்பம்போல இருக்கும் என்பது அதன் தர்க்கம்.

அந்த வரிசையில் உட்காரவே முடியாதவர்களும் இருந்தார்கள். கறுப்பினப் பெண்களுக்குப் பெல் நிறுவன எக்ஸ்சேஞ்சுகளின் கதவு 1940கள் வரை ஏறக்குறைய மூடியே இருந்தது. முகம் தெரியாத வேலைதானே, குரல் மட்டும்தானே என்று நினைக்கத் தோன்றும். குரலுக்கும் இனம் பார்த்தார்கள். பேச்சில் சாதியைக் கண்டுபிடிக்கப் பழகிய சமூகத்தில் வாழும் நமக்கு இது புரியக் கஷ்டமில்லை.

*

போர் முடிந்தது. 1919இல் கிரேஸ் பேங்கருக்கு ராணுவத்தின் சிறப்புச் சேவைப் பதக்கம் கொடுத்தார்கள். மற்றவர்கள் ஊர் திரும்பியதும் சிப்பாய்களுக்குக் கிடைத்த விடுவிப்புச் சான்றிதழைக் கேட்டார்கள். நீங்கள் ராணுவத்தினரே இல்லை, ஒப்பந்தத்தில் வேலைபார்த்த சிவிலியன்கள் என்று பதில் வந்தது. சான்றிதழ் இல்லை, போர்வீரருக்கான மருத்துவ உதவி இல்லை, இறந்தால் கொடி இல்லை. பிரான்ஸிலேயே இறந்த பெண்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் இரண்டாம் அணியின் தலைமை ஆபரேட்டரான இனெஸ் கிரிட்டென்டன். போர் ஓய்ந்த நவம்பர் 11 அன்றே இறந்தார்.

காரணமாகச் சொல்லப்பட்டது ஒரு சொல். ராணுவத்தில் சேர்ப்பதற்கான விதிகளில் ‘ஆண்’ என்று இருந்தது. அதே போரில் கடற்படை பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை முறைப்படி சேர்த்துக்கொண்டது. காரணம், கடற்படைக்கான 1916ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘நபர்கள்’ என்று எழுதியிருந்தது. ‘நபர்’ என்ற சொல் இருந்த இடத்தில் பெண் உள்ளே வந்தாள். ‘ஆண்’ என்ற சொல் இருந்த இடத்தில் சீருடை போட்டும், குண்டு விழும் ஊரில் வேலைபார்த்தும் வெளியே நின்றாள். பேங்கரின் பதக்கம்கூட இதற்குச் சாட்சியாகவில்லை. ராணுவத்தோடு எந்த நிலையில் பணியாற்றியவருக்கும் கொடுக்கலாம் என்று அந்தப் பதக்கத்தின் சட்டம் இடம் வைத்திருந்தது. ஆக, பதக்கத்தையும் கொடுத்துவிட்டுப் பதவியை மறுக்க முடிந்தது. நம் நிறுவனங்களில் பெண்களுக்குப் பொன்னாடை போர்த்திவிட்டுப் பதவி உயர்வுக் கோப்பைக் கிடப்பில் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு பழக்கமானதுதான்.

‘கேர்ள்ஸ்’ என்ற செல்லப்பெயரின் வேலையும் இங்கேதான் தெரிகிறது. இருபத்தைந்து வயதில் ஒரு போர்த் தலைமையகத்தின் தொலைபேசிகளை நடத்தியவரைச் சிறுமி என்று அழைத்துப் பழகிவிட்டால், பிறகு அவரை அதிகாரி என்று ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியம் வராது.

மெர்ல் ஈகன் விடவில்லை. கடிதம் எழுதினார், மனு போட்டார், நாடாளுமன்ற உறுப்பினர்களைப் பிடித்தார். மசோதாக்கள் வருவதும் விழுவதுமாக ஆண்டுகள் போயின. 1977 நவம்பரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அவர்களை ராணுவத்தினர் என்று ஏற்றது. 1979இல் சான்றிதழ் வந்தபோது ஈகனுக்கு வயது தொண்ணூறை ஒட்டி. போன இருநூற்றுச் சொச்சம் பேரில் பெரும்பாலோர் இறந்திருந்தார்கள். கிரேஸ் பேங்கர் 1960லேயே போய்விட்டார். 2024 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப்பதக்கத்துக்கான சட்டமும் நிறைவேறியது. வாங்கிக்கொள்ள அவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை.

*

நான் முதுகலை வகுப்பில் சிற்றிலக்கியம் நடத்துகிறேன். தூது இலக்கியத்தில் கிளியை, மேகத்தை, நெஞ்சை, தமிழையே தூது அனுப்புவார்கள். அனுப்புமுன் தூதின் பெருமையைப் பல கண்ணிகளில் பாடுவார்கள். செய்தி போய்ச் சேர்ந்தபிறகு அந்தக் கிளி என்ன ஆனது என்று யாரும் பாடியதில்லை. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையை நாம் நினைவு வைத்திருக்கிறோம். அவர் சொந்தச் சொல்லில் பேசினார் என்பதால்தான். பிறர் சொல்லைப் பிசகாமல் கடத்துபவர்களின் திறமையே தங்களைத் தெரியாமல் ஆக்கிக்கொள்வதில் இருக்கிறது. வேலை சரியாக நடந்தால் அவர்கள் இருந்ததே தெரியாது. அந்த வேலையை நடத்திக்காட்டியவர் இன்னும் ஒரு படி தெரியாமல் போகிறார்.

தமிழில் ‘மேற்பார்வையாளர்’ என்ற சொல்லில் ஆண் பெண் பேதமில்லை. ஒரு வசதி அது. ஆனால் நம் அலுவலகங்களில் அந்தச் சொல்லைப் பெண்ணுக்குச் சொல்லும்போது முன்னால் ஒரு ‘லேடி’ ஒட்டிக்கொள்கிறது. டிரங்க் கால் காலத்தில் நம் ஊர் எக்ஸ்சேஞ்சுகளிலும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். “சூப்பர்வைசரைக் குடும்மா” என்று கத்திய சந்தாதாரருக்குப் பதில் சொன்னவரும் பல இடங்களில் பெண்தான். புயலிலும் தேர்தல் இரவிலும் யாரை வீட்டுக்கு அனுப்பினார், யாரை உட்காரவைத்தார், கைக்குழந்தைக்காரிக்கு இரவுமுறை போட்டாரா, தவிர்த்தாரா, அதற்காக மேலே யாரிடம் பேச்சு வாங்கினார்? அவருக்குக் கீழே வேலைபார்த்தவர்கள் அவரைப் பற்றி என்ன சொல்வார்கள்? இவையெல்லாம் கோப்புகளில் இருக்காது. அவர்களில் பலர் இன்று ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். அவர்களை வீராங்கனை ஆக்கவும் வேண்டாம், நிர்வாகத்தின் கைத்தடி என்று தள்ளவும் வேண்டாம். போய் உட்கார்ந்து, பணிமுறைப் பட்டியலை எப்படிப் போட்டீர்கள் என்று கேட்போம். அங்கிருந்து தொடங்கினால் மீதியை அவர்களே சொல்வார்கள்.